தொட்டி காய எத்தனை நாள்? கடலோர ஊர்களில் சக்குலன்ட் வளர்ப்பு

"வாரத்துக்கு ஒரு தடவை அரை டம்ளர் தண்ணீர் ஊற்றுங்க, போதும்" என்று நர்சரியில் சொல்லி அனுப்புவார்கள். தடித்த இலையிலும் தண்டிலும் நீரைச் சேமிக்கும் சக்குலன்ட் செடியை வாங்கி மூன்றே மாதத்தில் பறிகொடுத்தவர்கள் பலரும் இந்த அறிவுரையைத் தவறாமல் கடைப்பிடித்தவர்கள்தான். மே மாதத்தில் மொட்டை மாடியில், மண் தொட்டியில் நிற்கும், அடி பருத்த அடினியத்துக்கு வாரம் ஒரு முறை என்பது பட்டினி. நவம்பரில் பால்கனி மூலையில், பீங்கான் தொட்டியில் உட்கார்ந்திருக்கும் ரோஜா வடிவ எச்செவேரியாவுக்கு அதே அளவு விஷம். காலண்டரைப் பார்த்து ஊற்றாதீர்கள். ஊற்றிய தண்ணீர் தொட்டியின் அடிவரை காய எத்தனை நாள் ஆகிறது என்று பாருங்கள். 4 அங்குலத் தொட்டி மூன்று நான்கு நாளில் காய்ந்தால் வேர் பிழைக்கும். பத்து நாளாகியும் அடியில் ஈரம் நிற்கிறதென்றால், எவ்வளவு குறைவாக ஊற்றினாலும் ஒருநாள் அழுகும். இலையில் தெரியும் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு கணக்குத் தவறியதால் வருபவை.

இங்கே சொல்வதெல்லாம் சென்னை, புதுச்சேரி, கடலூர், நாகப்பட்டினம் மாதிரி புழுக்கமான கடலோர ஊர்களுக்கு. கோவை, ஓசூர்க்காரர்களுக்கு வேலை இன்னும் சுலபம். ஊட்டி, கொடைக்கானலில் இருப்பவர்களுக்கு இதில் பாதி தேவையே படாது. காரணம், இரவு.

மற்ற செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை எடுத்துக்கொள்ளும். சக்குலன்ட்களில் பெரும்பாலானவை பகலில் துளைகளை மூடிக்கொள்ளும். இரவில் திறந்து, உள்ளே வரும் வாயுவை மாலிக் அமிலமாக மாற்றி இலைக்குள் சேர்த்து வைத்துக்கொள்ளும். மறுநாள் வெளிச்சத்தில் அதை வைத்துச் சமையல் செய்யும். இரவு குளிர்ந்தால்தான் இந்தச் சேமிப்பு ஒழுங்காக நடக்கும். எச்செவேரியாவின் பெரும்பாலான இனங்கள் மெக்சிகோவின் மலைப்பகுதிகளில் பிறந்தவை. பகல் எவ்வளவு சுட்டாலும் இரவில் குளிர்ந்துவிடும் இடங்கள் அவை. சென்னையில் மே, ஜூன் இரவுகளில் வெப்பமானி 27, 28 டிகிரியை விட்டு இறங்க மறுக்கிறது. செடி சேமிக்க முடியாமல் வேலையை நிறுத்துகிறது, தண்ணீரை உறிஞ்சுவதும் நின்றுபோகிறது. ஊற்றிய தண்ணீர் மண்ணிலேயே தங்குகிறது. சூடும் ஈரமும் சேர்ந்த மண் பூஞ்சைக்குக் கல்யாண விருந்து. கோடையில் "தண்ணீர் ஊற்றியும் வாடுதே" என்று இன்னும் ஊற்றுகிறோமே, அங்கேதான் செடி போகிறது.

அதனால் வாங்கும்போதே பாதி சண்டையைத் தவிர்த்துவிடலாம். அடினியம், கற்றாழை வகைகள், மருள் எனப்படும் ஸ்நேக் பிளான்ட், வரிக்குதிரைக் கோடு போட்ட ஹாவொர்தியா, காஸ்டீரியா, யூஃபோர்பியா மிலி, சாம்பல் நிற ரோசாப்பூ மாதிரி இருக்கும் கிராப்டோபெட்டலம் ஆகியவை சமவெளிக்கு ஒத்துப்போகும். லித்தாப்ஸ், செம்பர்விவம், ஏயோனியம் மூன்றையும் முதல் இரண்டு வருடத்துக்குத் தொடவே தொடாதீர்கள். எச்செவேரியாவை ஆசைக்கு ஒன்றிரண்டு வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஊட்டிச் சாலையோரம் பார்த்த பளபளப்பு இங்கே மார்ச் வரைக்கும்தான்.

ஜேட் என்ற பெயரில் இங்கே பெரும்பாலும் விற்கப்படுவது போர்ட்டுலகேரியா. சுண்டுவிரல் நக அளவு இலை, சிவப்பும் பழுப்புமான மெல்லிய தண்டு. உண்மையான ஜேட், அதாவது கிராசுலா ஓவாட்டா, ஒரு ரூபாய் நாணயத்தை விடப் பெரிய தடித்த இலையும், தடித்த தண்டும் கொண்டது. போர்ட்டுலகேரியா சூட்டை நன்றாகத் தாங்கும், தண்ணீரும் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும். கிராசுலா மழைக்காலத்தில் அடித்தண்டு அழுகிச் சாயும். இரண்டையும் ஒரே மாதிரி நடத்தினால் ஒன்று போய்விடும்.

வாங்கிய வாரமே மண்ணை மாற்றுங்கள்

நர்சரிப் பையைக் கிழித்துச் செடியை வெளியே எடுத்துப் பாருங்கள். வேரைச் சுற்றிக் கறுப்பாக, இறுக்கமாக ஒரு கோகோபீட் (தென்னை நார்த்தூள்) உருண்டை இருக்கும். நர்சரியில் வலைக்கூடாரத்துக்குள், காற்றோட்டத்தில், அளந்து நீர் தெளிப்பவர்களுக்கு அது சரி. வீட்டில் அது ஒன்று நனைந்த துணி மாதிரி ஒரு வாரம் ஈரம் பிடித்து நிற்கும், இல்லையென்றால் முழுக்கக் காய்ந்து, ஊற்றும் தண்ணீரை உள்ளே விடாமல் ஓரமாக வழியவிடும். நல்ல மண்ணில் அந்த உருண்டையோடு அப்படியே நட்டால், சுற்றிலும் காய்ந்திருக்க, நடுவில் வேர் மட்டும் ஈரத்தில் ஊறும். விரலால் மெல்ல உதிர்த்து எடுங்கள். உதிரவில்லையா, பக்கெட் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்து அலசுங்கள். அறுந்த வேர்களின் காயம் ஆற, நிழலில் காற்றோட்டமாக இரண்டு மூன்று நாள் அப்படியே கிடக்கட்டும். மண்ணில்லாமல் கிடக்கிறதே என்று பதற வேண்டாம். கலிம்போங் நர்சரிகளிலிருந்து கூரியரில் வரும் செடிகள் மண்ணில்லாத வேரோடு காகிதத்தில் சுற்றி ஒரு வாரம் பயணம் செய்துதான் வருகின்றன. நட்டபிறகும் ஐந்து நாள் கழித்தே முதல் தண்ணீர்.

மண் கலவைக்கு வெளிநாட்டுச் சரக்கு எதுவும் வேண்டாம். உடைத்த செங்கல் 4 பங்கு, பருமணல் 2 பங்கு, மக்கிய மண்புழு உரம் 1 பங்கு, உமிக்கரி அல்லது உடைத்த அடுப்புக்கரி 1 பங்கு. செங்கல் நன்றாக வெந்ததாக இருக்கட்டும்; வேகாத கல் தண்ணீரில் கரைந்து சேறாகிவிடும். ஒவ்வொரு துண்டும் கடுகை விடப் பெரிதாக, கொண்டைக்கடலையை விடச் சிறிதாக இருக்க வேண்டும். ஆற்று மணல் கிடைக்காவிட்டால் எம்-சாண்ட் போதும், ஆனால் அதில் இருக்கும் கல்தூளைக் கழுவி எடுத்தே ஆக வேண்டும். பக்கெட்டில் போட்டு, தண்ணீர் விட்டுக் கலக்கி, சாம்பல் நிறத் தண்ணீரை வடித்து, தெளிந்த நீர் வரும் வரை ஐந்தாறு முறை. இந்தத் தூளை விட்டுவைத்தால் செங்கல் துண்டுகளுக்கு இடையில் உள்ள காற்றுவெளியை அடைத்து, கலவையைச் சிமென்ட் தரை மாதிரி ஆக்கிவிடும். செம்மண் சேர்க்கவில்லையே என்று கேட்பார்கள். களி கலந்த செம்மண் ஒரு பங்கு போட்டாலும் காயும் நாள் கூடிவிடுகிறது. மாடியில் முழு வெயிலில் நிற்கும் அடினியத்துக்கும் போர்ட்டுலகேரியாவுக்கும் மட்டும் மண்புழு உரத்தை 2 பங்காக்கலாம்.

பெர்லைட் எனும் வெள்ளை, இலேசான கல்மணிகளைச் சேர்ப்பது தவறில்லை. எடை குறைவு என்பதால் நாலு மழைக்குப் பிறகு மேலே மிதந்து வந்துவிடும், அவ்வளவுதான்.

கலவை சரியா என்று சமையலறைத் தராசு சொல்லிவிடும். செடி நட்ட தொட்டியை, முழுக்கக் காய்ந்த நிலையில் எடை போட்டுத் தொட்டியின் பக்கவாட்டில் பென்சிலால் எழுதுங்கள். தண்ணீர் ஊற்றி, அடித்துளை வழியாகச் சொட்டுவது நின்றதும் மறுபடி எடை. பிறகு தினமும் காலையில் ஒருமுறை. 420 கிராம் தொட்டி நனைந்ததும் 540 ஆகி, நான்காம் நாள் 430-க்கு வந்துவிட்டது என்றால் கலவை பிரமாதம். ஏழாம் நாளும் 490-இல் நிற்கிறது என்றால் செங்கலைக் கூட்டுங்கள், இல்லையேல் தொட்டியை மாற்றுங்கள். இரண்டு வாரம் இதைச் செய்தால் போதும், அதன்பின் கையில் தூக்கும்போதே தெரிந்துவிடும்.

தொட்டியின் அடியில் கூழாங்கல் பரப்பினால் தண்ணீர் நன்றாக வடியும் என்ற நம்பிக்கை எங்கும் இருக்கிறது. வடியாது. பாத்திரம் தேய்க்கும் பஞ்சை நனைத்துப் படுக்க வைத்துத் தூக்குங்கள், சொட்டி முடியட்டும். இப்போது அதையே நெட்டாக நிறுத்துங்கள். இன்னும் கொஞ்சம் தண்ணீர் சொட்டும். நெட்டாக நின்ற பிறகும் அடி ஓரம் மட்டும் நனைந்தே இருக்கும். மண்ணும் அப்படித்தான்: எந்தத் தொட்டியிலும் மண்ணின் அடியில் ஒரு ஈரப் பட்டை தங்கும். கூழாங்கல் போட்டால் அந்தப் பட்டை கல்லுக்கு மேலே ஏறி, வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்து உட்காருகிறது. துளைமேல் ஒரு துண்டு கொசுவலை, அதன்மேல் நேராகக் கலவை. இதே காரணத்தால்தான் அகலமான, தட்டையான கிண்ணங்கள் சக்குலன்டுக்கு மோசமானவை. பரிசாக வரும் கண்ணாடிக் கிண்ணத்தில் ஐந்து செடிகளைச் சேர்த்து நட்டிருந்தால், அன்றைக்கே பிரித்து நடுங்கள்.

மண் தொட்டியா பிளாஸ்டிக்கா என்றால், மழைக்காலத்துக்கும் உள்பால்கனிக்கும் மண் தொட்டி. வெயில் கொட்டும் மாடியில் 3 அங்குல மண் தொட்டி ஒரே நாளில் காய்ந்துவிடும். அங்கே பிளாஸ்டிக் பரவாயில்லை. கறுப்பு நிறம் மட்டும் வேண்டாம். வேர் உருண்டையை விடச் சுற்றிலும் ஒரு விரல் அளவு இடம் போதும். பெரிய தொட்டியில் வேர் எட்டாத மண் காயவே காயாது. எதுவாக இருந்தாலும் கான்கிரீட் தரைமேல் நேராக வைக்காமல் இரண்டு செங்கல்லின் மேல் வையுங்கள். சூடும் ஏறாது, துளையும் அடைபடாது.

தண்ணீர்

ஊற்றும்போது துளைவழி வழியும் அளவுக்கு ஊற்றுங்கள், பிறகு முழுக்கக் காயும் வரை கை வைக்காதீர்கள். ஸ்பூன் ஸ்பூனாக ஊற்றினால் மேல்மண் மட்டும் நனைந்து, அடிவேர் காய்ந்து, உப்பும் படியும். கோடையில் மாலை 6 மணிக்கு மேல். நண்பகலில் சுடும் மண்ணில் தண்ணீர் விட்டால் வேர் வெந்துபோகும். மழைக்காலத்தில் காலையில். ரோஜா வடிவச் செடிகளின் நடுக்குருத்தில் தண்ணீர் தங்கினால் ஊதி எடுத்துவிடுங்கள்.

ஜனவரியிலிருந்து மார்ச் நடுவரை நல்ல வளர்ச்சிக் காலம், ஐந்தாறு நாளுக்கு ஒருமுறை ஊற்றலாம். ஏப்ரல் முதல் ஜூன் வரை செடிகள் இரண்டு கட்சியாகப் பிரியும். அடினியமும் போர்ட்டுலகேரியாவும் வெயிலில் குதூகலமாக வளரும், ஒருநாள் விட்டு ஒருநாள் கேட்கும். எச்செவேரியாவும் ஹாவொர்தியாவும் உறங்கும். 50 சதவீத நிழல் வலையின் கீழ், எட்டுப் பத்து நாளுக்கு ஒருமுறை கொடுத்தால் போதும். ஐப்பசி, கார்த்திகையில் எல்லாச் செடியும் கூரைக்கடியில். காற்றே ஈரமாக இருக்கும் அந்த நாட்களில் 12, 15 நாளுக்கு ஒருமுறை, அதுவும் இரண்டு நாள் தொடர்ந்து வெயில் அடித்தால்தான்.

எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியம். ஆர்.ஓ. கருவி வெளியே தள்ளும் கழிவு நீரை வீணாக்கக் கூடாது என்று தொட்டியில் ஊற்றுகிறார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் குடிநீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் அதில் செறிந்திருக்கிறது. தொட்டி விளிம்பிலும் மண்மேலும் வெள்ளைப் பொருக்கு, இலை நுனி கருகல், ஹாவொர்தியாவின் வேர்கள் குட்டையாகி மடிவது, மூன்றும் உப்பின் அடையாளம். அந்தத் தண்ணீர் தரை துடைக்கட்டும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் மழைநீரைப் பிடித்து வைத்து, மாதம் ஒருமுறை தொட்டியின் கொள்ளளவைப் போல மூன்று மடங்கு ஊற்றி அலசிவிடுங்கள். வெயில் நாளில் செய்ய வேண்டும்.

நெடுநெடுவென்று வளர்ந்துவிட்டதா?

வெளிச்சம் போதாத செடி கழுத்தை நீட்டும். இலைகளுக்கு இடையில் தண்டு தெரியும், நிறம் வெளிறும், இலைகள் கீழ்நோக்கி மடங்கும். "ஆஹா, நன்றாக வளர்கிறது" என்று பலர் சந்தோஷப்படுவது இந்தக் கட்டத்தில்தான். ரோஜா வடிவச் செடிகளுக்குக் காலை வெயில் நான்கு மணி நேரம் நேரடியாக வேண்டும். ஹாவொர்தியா, காஸ்டீரியாவுக்கு இரண்டு மணி நேரமோ நல்ல வெளிச்ச நிழலோ போதும். நம் ஊர் வறண்ட காடுகளில் கள்ளிமுளையான் என்ற சக்குலன்ட் முட்புதர்களின் நிழலில் ஒண்டித்தான் வளர்கிறது. சக்குலன்ட் என்றாலே கொளுத்தும் வெயில் என்று கிடையாது.

தெற்குப் பார்த்த பால்கனிக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டிசம்பரில் சூரியன் தெற்கே தாழ்ந்து போகும், வெயில் உள்ளே வரும். ஏப்ரல் கடைசியில் சென்னைக்கு நேர் உச்சியில் நிற்கும், மே மாதத்தில் சற்று வடக்கே சாயும். அதே பால்கனி அப்போது நாள் முழுக்க நிழல். இடத்தை மாற்றவேயில்லை, ஏன் நீண்டது என்ற கேள்விக்கு இதுதான் பதில்.

நீண்ட தண்டு மறுபடி குட்டையாகாது. வெட்டத்தான் வேண்டும். தலைப்பகுதியை 2, 3 செ.மீ. தண்டோடு ஸ்பிரிட்டில் துடைத்த பிளேடால் வெட்டுங்கள். அடித்தண்டில் மூன்று நான்கு இலைகளை விட்டுவையுங்கள். வெட்டிய தலை நிழலில் ஐந்தாறு நாள் கிடந்து, வெட்டுவாய் தொட்டால் கட்டியாக, வெளிறிய தோல் மூடியிருக்க வேண்டும். பிறகு காய்ந்த கலவையின் மேல் நிறுத்தி, ஒரு வாரம் பத்து நாள் கழித்துத் தண்ணீர். பழைய தொட்டியைத் தூக்கி எறியாதீர்கள்: மூன்றிலிருந்து ஐந்து வாரத்தில் இலைக் கக்கங்களில் குட்டிகள் முளைக்கும்.

நிழலில் இருந்ததை வெயிலுக்குக் கொண்டுபோகும்போது முதல் வாரம் காலை 8 மணி வரை, இரண்டாம் வாரம் ஒன்பதரை, மூன்றாம் வாரம் 11. ஒரே நாளில் தூக்கி வைத்தால் இலையில் வெள்ளையாகவோ பழுப்பாகவோ தீக்காயம் விழும். அந்த வடு அந்த இலை உதிரும் வரை போகாது. கத்திரி வெயிலில் இந்த இடமாற்றமே வேண்டாம்.

சுருங்கிய இலை சொல்வது

இலை சுருங்கினால் தண்ணீர் ஊற்றலாமா? தொட்டியைத் தூக்குங்கள். லேசாக இருந்து, மண் காய்ந்து, இலை மெலிந்து மடங்கினாலும் நாரோடு இருந்தால் அது தாகம். ஒருமுறை நன்றாக ஊற்றினால் இரண்டு மூன்று நாளில் நிமிரும். இலை கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவி, மஞ்சளாகி, தொட்டாலே கீழே விழுந்தால் அது தண்ணீர் மிகுதி.

மூன்றாவது நிலைதான் ஏமாற்றும். இலை தாகத்தில் சுருங்கியது போலவே இருக்கிறது; தொட்டியோ கனமாக, ஈரமாக இருக்கிறது. வேர் செத்துவிட்டது, அதனால் ஈரத்துக்கு நடுவில் செடி தாகத்தில் கிடக்கிறது. இங்கே ஊற்றும் ஒவ்வொரு டம்ளரும் சாவை விரைவாக்கும். உடனே தொட்டியைக் கவிழ்த்துச் செடியை எடுங்கள். உயிருள்ள வேர் வெள்ளையாகவோ வெளிர் மஞ்சளாகவோ, இழுத்தால் எதிர்த்து நிற்கும். செத்த வேரை இரண்டு விரலால் பிடித்து மெல்ல உருவினால், பழுப்பான மேல்தோல் உறை மாதிரி கழன்று கையோடு வரும். உள்ளே நூல் ஒன்று மட்டும் மிஞ்சும். முகர்ந்தால் சாக்கடை வாடை.

செத்ததையெல்லாம் வெட்டுங்கள். அழுகல் தண்டுக்குள் ஏறியிருந்தால், தண்டை வெள்ளரிக்காய் நறுக்குவது போல அடியிலிருந்து மெல்லிய வில்லைகளாக வெட்டிக்கொண்டே போங்கள். ஒவ்வொரு வில்லைக்கும் பிளேடைத் துடைக்க வேண்டும். வெட்டுப்பரப்பில் பழுப்பு வளையமோ புள்ளியோ ஒன்று தெரிந்தாலும் இன்னும் மேலே. முழுக்கப் பச்சையாகவோ வெண்மையாகவோ ஆனதும் நிறுத்துங்கள். ஒரு புள்ளியை விட்டுவைத்தால் பத்து நாளில் திரும்ப வரும். வெட்டுவாயில் லவங்கப்பட்டைத் தூள் தடவலாம், அல்லது கார்பன்டசிம், மான்கோசெப் கலந்த பூஞ்சைக்கொல்லியைக் குழைத்துப் பூசலாம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். மழைநீர் தேங்கி வரும் அழுகலுக்குப் பித்தியம், ஃபைட்டோஃப்தோரா எனும் நீர்ப்பூஞ்சைகள் காரணமாக இருந்தால் கார்பன்டசிம் வேலை செய்யாது, மெட்டலாக்சில் கலந்த மருந்துதான் கேட்கும். எந்த மருந்தும் ஈர மண்ணுக்குப் பரிகாரம் ஆகாது. காய வைப்பதுதான் முதல் மருந்து. மழை நாளாக இருந்தால் வீட்டுக்குள் மின்விசிறிக்கு எதிரே ஒரு வாரம் காய வையுங்கள்.

அடினியத்தின் அடிக்கிழங்கை மாதம் ஒருமுறை கட்டைவிரலால் சுற்றிலும் அழுத்திப் பார்க்கும் பழக்கம் பல செடிகளைக் காப்பாற்றும். எல்லாப் பக்கமும் சமமாகக் கொழகொழத்திருந்தால் தாகம். ஒரு பக்கம் மட்டும் விரல் உள்ளே அமுங்கி, தோல் நிறம் மாறியிருந்தால் அழுகல். கத்தியால் தோண்டி, கெட்ட சதை முழுவதையும், சுற்றிலும் அரை செ.மீ. நல்ல சதையையும் சேர்த்து எடுத்துவிடுங்கள். குழியாகிவிட்டதே என்று தயங்க வேண்டாம்; அடினியம் பாதிக் கிழங்கோடும் பிழைக்கும். பத்திலிருந்து பதினைந்து நாள் நிழலில் தலைகீழாகத் தொங்கவிட்டு, வடு கட்டையாக இறுகிய பிறகு நடுங்கள். வெட்டும்போது வடியும் சாறு கண்ணில் படவே கூடாது. ஆப்பிரிக்காவில் வேட்டைக்காரர்கள் அம்பு நுனியில் தடவிய நஞ்சு அது. மார்கழியில் அடினியம் இலை உதிர்ப்பது மட்டும் நோயல்ல, கிழங்கு கெட்டியாக இருக்கும் வரை கவலை வேண்டாம், தண்ணீரை மட்டும் குறையுங்கள்.

வெள்ளைப் பஞ்சு

தொட்டியில் எறும்பு வரிசை ஏறினால் இலை இடுக்கைப் பாருங்கள். வெள்ளைப் பஞ்சு போல ஒட்டியிருக்கும் மாவுப்பூச்சி சுரக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு அதைப் பாதுகாத்து, ஒரு செடியிலிருந்து இன்னொன்றுக்குச் சுமந்தும் செல்லும். காது குடையும் பஞ்சுக் குச்சியைச் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் நனைத்து ஒவ்வொன்றாகத் தொட்டு எடுங்கள். நிறைய இருந்தால் 1 லிட்டர் தண்ணீருக்கு வேப்பெண்ணெய் 5 மி.லி., திரவ சோப்பு 2 மி.லி., நன்றாகக் குலுக்கி, மாலையில் தெளித்து, மறுநாள் காலை வெயில் ஏறுமுன் கழுவிவிடுங்கள். முட்டைகள் பின்னால் பொரிக்கும் என்பதால் ஆறு நாள் இடைவெளியில் மூன்று முறை. எச்செவேரியா, கிராப்டோபெட்டலத்தின் மேல் இருக்கும் சாம்பல் பூச்சை எண்ணெய் அழித்துவிடும். அவற்றுக்கு ஸ்பிரிட் குச்சி மட்டும்.

பக்கத்தில் செம்பருத்தி இருந்தால் அதையும் பாருங்கள். பப்பாளி மாவுப்பூச்சி 2008-இல் கோவையில் கண்டறியப்பட்டு, பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று தமிழ்நாட்டையே உலுக்கியது. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்த சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவிகள்தான் அதை அடக்கின. மாடியில் கண்மூடித்தனமாகப் பூச்சிக்கொல்லி அடித்தால் முதலில் சாவது அந்த மாதிரிக் குளவிகளே.

சப்பாத்திக்கள்ளியில் பஞ்சு கண்டால் ஒன்றை நசுக்கிப் பாருங்கள். விரல் இரத்தச் சிவப்பானால் அது காச்சினியல் பூச்சி. தென்னிந்தியாவில் களையாகப் பரவிய சப்பாத்திக்கள்ளியை ஒழிக்க 1926-இல் இலங்கையிலிருந்து கொண்டுவந்து விட்ட பூச்சியின் இனம். அழகுக்கு வளர்க்கும் கள்ளியில் வந்தால் பூச்சி பிடித்த மடலையே வெட்டி அப்புறப்படுத்துவது நல்லது.

மேலே பூச்சி இல்லை, மண்ணும் சரி, வளர்ச்சி மட்டும் நின்றுபோயிருக்கிறது என்றால் வேரில் மாவுப்பூச்சி இருக்கலாம். தொட்டியின் உள்சுவரில் வெள்ளைத் தூள் ஒட்டியிருக்கும். மண்ணை முழுவதும் எறிந்து, வேரைக் கழுவி, காயவைத்துப் புது மண்ணில் நடுங்கள். அடினிய இலைகள் ஒரே இரவில் காணாமல் போய், கீழே மிளகு போலக் கறுப்பு எச்சம் கிடந்தால் அரளி அந்துப்பூச்சியின் தடித்த பச்சைப் புழு. டார்ச் அடித்துத் தேடினால் இலைக்கடியில் அகப்படும்.

அடி இலை ஒன்றிரண்டு காகிதமாகக் காய்வதும், வயதான தண்டு பட்டை போலப் பழுப்பாகிக் கெட்டியாவதும் இயல்பு. தண்டிலிருந்து காற்றில் வேர் நீள்வது, கீழே வேர் திணறுகிறது அல்லது செடி தாகமாக இருக்கிறது என்பதற்கு அறிகுறி. உரம் மிகக் குறைவாக: வளரும் மாதங்களில் 19:19:19 உரம் (தழை, மணி, சாம்பல் சத்து சமமாக உள்ளது) லிட்டருக்கு அரை கிராம், மாதம் ஒருமுறை. அரிசி கழுவிய தண்ணீர், வாழைப்பழத் தோல் கரைசல் எல்லாம் ரோஜாவுக்கும் கத்தரிக்கும் போகட்டும். இந்தக் கலவையில் அவை புளித்து ஈ மொய்க்கும்.

புரட்டாசியில் செய்ய வேண்டியவை

வடகிழக்குப் பருவமழைக்கு முன் மூன்று வாரம் இருக்கும்போதே ஒளி ஊடுருவும் பாலிகார்பனேட் தகட்டைச் சாய்வாகக் கட்டுங்கள். நான்கு பக்கமும் திறந்திருக்கட்டும். பிளாஸ்டிக் தாளால் மூட்டை கட்டினால் உள்ளே வேர்க்கும். ஒவ்வொரு அடித்துளையிலும் ஈர்க்குச்சியைச் செருகி அடைப்பை எடுங்கள். தொட்டிகளுக்கு இடையே நான்கு விரல் இடைவெளி விடுங்கள். அடித்தட்டுகளை எடுத்து அலமாரியில் வைத்துவிடுங்கள்.

மழையில் தாய்ச்செடி போனாலும் இனம் மிஞ்ச, பிடித்தமான ஒவ்வொன்றிலிருந்தும் இரண்டு மூன்று இலைகளை இப்போதே எடுத்துவையுங்கள். எச்செவேரியா, கிராப்டோபெட்டலம் இலையை அடியில் பிடித்து இடமும் வலமுமாக அசைத்தால் முழுதாகக் கழன்று வரும். அடிநுனி பிய்ந்தால் வேர் வரலாம், குட்டி வராது. மூன்று நாள் காயவைத்து, ஒரு தட்டில் கலவை பரப்பி, அதன்மேல் படுக்க வைத்து, வீட்டுக்குள் ஜன்னலோரம் வையுங்கள். ஸ்நேக் பிளான்ட் இலையைத் துண்டு போட்டு நட்டால் மேல், கீழ் மாறக் கூடாது. மஞ்சள் கரை போட்ட வகை இப்படி நட்டால் வெறும் பச்சையாகத்தான் முளைக்கும், கரை வேண்டுமென்றால் பக்கக்கன்றைப் பிரிக்க வேண்டும். எச்செவேரியா இலைகளில் முதலில் இளஞ்சிவப்பு வேர் தலைகாட்டும், பிறகு மிளகளவில் ஒரு ரோஜா. வேர் தெரிந்தபின் நான்கைந்து நாளுக்கு ஒருமுறை நீர்த்தூவல் போதும். தாய் இலை வதங்கிச் சருகாகி தானே உதிரும் வரை பிய்த்துவிடாதீர்கள். குட்டி அதைத்தான் குடித்துக்கொண்டிருக்கும். பொங்கல் முடிந்து பனி இறங்கும் வாரத்தில் 2 அங்குலத் தொட்டிக்கு மாற்றலாம்.